நாலாம் மாடிக்குப் போகும் விரிப்புகள்

ஜூன் 3, திங்கள்

வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகிறது. இன்றுதான் எனக்கென்று ஒரு வேலை கொடுத்தார்கள். இத்தனை நாள் நான் செய்தது வருகைப் பதிவேட்டைச் சரிபார்ப்பதும், கூட்டங்களுக்கு பிஸ்கட் சொல்லி அனுப்புவதும்தான்.

காலையில் பெஞ்சமின் சார் கூப்பிட்டார். ஆஸ்பத்திரியின் ஊழியர் விவகாரம் மொத்தமும் அவர் கையில். நல்ல மனிதர், ஆனால் எந்த நல்லதையும் அவசரமாகவே செய்வார்.

"பூங்கோதை மேடம், லாண்டரியில இருபத்திரண்டு பேர் இருக்காங்க. சூப்பர்வைசர் ரிட்டையர் ஆகி மூணு மாசமாச்சு, அவங்களைப் பத்தி யாருக்கும் ஒண்ணும் தெரியல. புது ரோலர் மிஷின் வேற வருது. யார் யாருக்கு என்ன ட்ரெய்னிங் வேணும்னு பதினாலாம் தேதிக்குள்ள ஒரு ரிப்போர்ட் குடுங்க. ஒரு ஃபார்ம் அடிச்சுக் குடுத்து வாங்கிடுங்க, போதும்."

ஒன்றுமே தெரியாதவர்களை என்ன செய்வீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

கட்டம் போட்ட தாள்கள் எனக்குச் சிறு வயதிலிருந்தே பிடிக்கும். மத்தியானம் முழுக்கக் கட்டம் போட்டேன். மாலையில் ஐந்தாம் மாடியிலிருந்து படியிறங்கி வந்தேன். லிஃப்ட் நாலாம் மாடியில் நிற்கும், கதவு திறக்கும். நேரம் வீண்.

ஜூன் 5, புதன்

சலவைப் பிரிவு அடித்தளத்தில் இருக்கிறது. கதவைத் திறந்ததும் வெந்நீர் ஆவி முகத்தில் வந்து படிந்தது. சோப்பும் சூடான பருத்தியும் கலந்த வாசனை. எங்கு பார்த்தாலும் வெள்ளை. இயந்திரங்கள் ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தன. பத்து நிமிடத்தில் எனக்குக் கண் சொக்கியது. நின்றுகொண்டே தூங்கிவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

அங்கே தமிழ், ஒடியா, நேபாளி, தெலுங்கு எல்லாம் உண்டு. ஆனால் சத்தத்தில் யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆவிக்குள் மனிதர்கள் வருவதும் மறைவதுமாக இருக்கிறார்கள். யார் யார் என்று மனதில் பதிய மறுக்கிறது.

இரண்டு பேர் மட்டும் பதிந்தார்கள். ஒருவர் மாராத்தாள். ஐம்பது வயதிருக்கும், பத்தொன்பது வருட சர்வீஸ். மடிப்பு மேசையில் நிற்கிறார். மற்றவர்கள் கால் மணியில் நாற்பது விரிப்பு மடித்தால் அவர் இருபத்தெட்டு. ஒவ்வொன்றையும் புறங்கையால் தடவிப் பார்க்கிறார், பிறகு இரண்டு அடுக்கில் ஏதாவது ஒன்றில் வைக்கிறார். இரண்டும் ஒரே மாதிரி விரிப்புகள்தான். குறிப்பேட்டில் "வேகம் குறைவு, கவனச் சிதறல்" என்று எழுதிக்கொண்டேன்.

இன்னொருவன் லிங்கராஜ். ஒடிசாக்காரன், இருபத்தாறு வயது. அழுக்குத் துணிப் பக்கம் வேலை. எதைச் சொன்னாலும் "ஓக்கே மேடம்" என்கிறான். அவனுக்குப் பக்கத்தில் "தொடர்புத் திறன் நன்று" என்று எழுதினேன்.

ஜூன் 7, வெள்ளி

படிவம் தயார். பதினான்கு திறமைகள். ஒவ்வொன்றுக்கும் எதிரே 1, 2, 3, 4, 5. "உங்களுக்கு நீங்களே எண் கொடுங்கள்" என்று மேலே அச்சிட்டிருக்கிறது. ஒன்று என்றால் தெரியாது, ஐந்து என்றால் மிக நன்றாகத் தெரியும் என்பதையும் போட நினைத்தேன், இடமில்லை. ஆஸ்பத்திரிச் சின்னத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டேன். வாயால் சொன்னால் போயிற்று.

ஷிஃப்ட் மாறும் நேரத்தில் எல்லாரையும் நிற்கவைத்துச் சொன்னேன். இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "உண்மையைப் போடுங்க, கூச்சப்படாதீங்க" என்பதை மட்டும் இரண்டு முறை உரக்கச் சொன்னேன். சந்தேகம் உண்டா என்றேன். இருபத்திரண்டு தலைகளும் இல்லை என்று ஆடின. நம் ஊரில் சந்தேகம் கேட்கிறவனுக்கு என்ன மரியாதை என்று நானும் பள்ளிக்கூடத்தில் பார்த்தவள்தானே, அந்த நேரத்தில் அது நினைவுக்கு வரவில்லை.

இரவுச் சாப்பாட்டு நேரத்தில் மகள் இனியா சென்னை விடுதியிலிருந்து போன் செய்தாள். "சாப்ட்டியா? என்ன சாப்ட்ட?" என்று விசாரணை. தோசை என்றேன். அவளால் போனில் பார்க்க முடியாது, நல்லதாகப் போயிற்று.

ஜூன் 10, திங்கள்

படிவங்கள் வந்துவிட்டன. கணினியில் ஏற்றி, ஒன்று, இரண்டுக்குச் சிவப்பு, மூன்றுக்கு மஞ்சள், நான்கு, ஐந்துக்குப் பச்சை கொடுத்தேன். திரையைப் பார்க்கவே அழகாக இருந்தது.

மாராத்தாள் பதினான்கிலும் ஒன்று போட்டிருக்கிறார். பேனாவை அழுத்தி, நேராக, பதினான்கு ஒன்றுகள். பத்தொன்பது வருடம் வேலை பார்த்துவிட்டு எனக்கு எதுவுமே தெரியாது என்று எழுதிக்கொடுக்க எவ்வளவு மனம் வேண்டும். எனக்குப் பரிதாபமாக இருந்தது. லிங்கராஜ் ரோலர் இயந்திரத்துக்கு ஐந்து போட்டிருக்கிறான். பரவாயில்லை, கெட்டிக்காரன்.

ஜூன் 11, செவ்வாய்

சாரல். நன்றாகத் தூங்கினேன். என் வெள்ளை விரிப்பைப் போர்த்தி, அதன் மூலையில் இருக்கும் நீல நூலை விரலால் பிடித்துக்கொண்டால் தூக்கம் தானாக வந்துவிடுகிறது. சலவைக் குறியாக இருக்க வேண்டும்.

ஜூன் 14, வெள்ளி

அறிக்கை கொடுத்தேன். பெஞ்சமின் சார் வண்ணங்களைப் பார்த்து மகிழ்ந்துபோனார்.

"பிரமாதம் மேடம். இந்த லிங்கராஜைப் புது மிஷினுக்குப் போட்டுடலாம். முழுச் சிவப்பு நாலு பேர் இருக்காங்க. இவங்களுக்கு ட்ரெய்னிங் குடுத்து எப்ப தேத்தறது? ஒண்ணாந்தேதியிலேருந்து கான்ட்ராக்ட் கம்பெனிக்கு மாத்திடலாம். வராண்டா கூட்டட்டும்."

"பத்தொம்பது வருஷ சர்வீஸ் இருக்கே சார்."

"அதான் அவங்களே எழுதிக் குடுத்திருக்காங்களே."

அது உண்மைதான். கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருக்கிறார். நான் வண்ணம் மட்டும்தான் அடித்தேன்.

அடுத்த மாதம் ஐந்தாம் தேதியோடு என் ஆறு மாதத் தகுதிகாண் காலம் முடிகிறது. இந்த அறிக்கை கைகொடுக்கும் என்றார்.

ஜூன் 19, புதன்

புது ரோலர் வந்திறங்கிவிட்டது. ஈர விரிப்பை ஒரு பக்கம் கொடுத்தால் மறுபக்கம் மொடமொடவென்று காய்ந்து வருகிறது. பொறியாளர் சொல்லிக்கொடுக்க, லிங்கராஜ் முன்னால் நின்றான். முகத்தில் ரத்தமே இல்லை. இடது கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தான். "ரெண்டு கையும் குடுப்பா" என்று பொறியாளர் சொல்ல, "ஓக்கே சார்" என்றானே தவிர கை வரவில்லை. அப்புறம் வந்தது. முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை சுருங்கிப்போன தோல்.

நான் அவனை வெளியே அழைத்து வந்தேன்.

"இது என்ன லிங்கராஜ்?"

"பழைய ரோலர் மேடம். மூணு வருஷம் முன்னாடி. ரொம்ப பயம்."

"பயம்னா ஏன் அஞ்சு போட்ட?"

அவன் என்னைப் புரியாமல் பார்த்தான். "பயம், அதான் அஞ்சு மேடம். அஞ்சு கடைசி. ஃபர்ஸ்ட் மாராத்தா அக்கா. நான் லாஸ்ட்."

உள்ளே போனேன். ஆவிக்குள் மடிப்பு மேசையைத் தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆனது மாதிரி இருந்தது.

"மாராத்தாக்கா, ஃபார்ம்ல எல்லாத்துலயும் ஒண்ணு போட்டிருக்கீங்களே, ஏன்?"

அவர் கையிலிருந்த விரிப்பைக் கீழே வைத்தார். முகம் சிவந்துவிட்டது.

"ஒண்ணாவது ரேங்க்குங்க மேடம். நமக்கு நாமே போட்டுக்கறது கூச்சமாத்தான் இருந்துச்சுங்க. நீங்கதான் உண்மையப் போடுங்க, கூச்சப்படாதீங்கன்னு சொன்னீங்க. அதிகமாப் போட்டுட்டனுங்களா?"

இல்லை என்று சொன்னேன்.

ஜூன் 20, வியாழன்

இருபத்திரண்டு படிவங்களையும் மேசையில் பரப்பி உட்கார்ந்திருந்தேன். யார் ரேங்க் போட்டார்கள், யார் மார்க் போட்டார்கள்? எனக்குப் பக்கத்தில் நின்றவர்கள் காதில் நான் சொன்னது விழுந்திருக்கலாம். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றவர்கள் தங்களுக்குத் தெரிந்தபடி போட்டிருக்கிறார்கள். யார் எங்கே நின்றார்கள் என்று நான் பார்க்கவில்லை. எல்லாவற்றுக்கும் மூன்று போட்ட ஆறு பேர் மட்டும் எப்படிப் பார்த்தாலும் மூன்று. புத்திசாலிகள்.

பெஞ்சமின் சாரிடம் சொல்ல வேண்டும். இன்று அவர் வேலையாக இருந்தார்.

ஜூன் 21, வெள்ளி

இன்றும் அவர் வேலையாக இருந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தேன். செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

விடியற்காலையில் ஒரு கனவு. ஒரு பெரிய வெளியில் கொடி கட்டி என் படிவங்களைக் காயப் போட்டிருக்கிறார்கள். எல்லாம் ஈரம். எண்கள் ஒவ்வொன்றாகச் சொட்டிக்கொண்டிருக்கின்றன. ஓடி ஓடிக் கையை ஏந்துகிறேன். கொடிக்கு அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டு, "விடு பூங்கோதை, காய்ஞ்சா சரியாப் போயிடும்" என்கிறார். எழுந்ததும் பக்கத்துத் தலையணையைத் தட்டிப் போட்டேன். தினமும் தட்டுவதுதான்.

ஜூன் 24, திங்கள்

காகிதத்தை நம்பிப் பயனில்லை என்று காலையிலேயே கீழே போய்விட்டேன். மேலே யாரும் என்னைத் தேட மாட்டார்கள். "நானும் மடிக்கறேன், சொல்லிக் குடுங்க" என்று மாராத்தாளிடம் நின்றேன்.

"ஏனுங்க மேடம் உங்களுக்கு இந்த வேலையெல்லாம்" என்று சிரித்தார். ஆனால் இடம் கொடுத்தார்.

அந்தச் சூட்டில், அந்த முனகலில், எத்தனை மடித்தேன் என்று தெரியவில்லை. மூலையோடு மூலை, பாதி, அதில் பாதி. சூடான துணி கையைவிட்டுப் போக, அடுத்த சூடான துணி வருகிறது. மனம் எங்கோ மிதக்கிறது. நடுவில் கேட்டேன்: "எதுக்குக்கா ரெண்டு அடுக்கு?"

"புறங்கையில தொட்டுப் பாருங்க. உள்ளங்கை மரத்துப் போயிருக்கும், அதுக்குத் தெரியாதுங்க."

தொட்டேன். ஒன்று சொரசொரவென்றிருந்தது. இன்னொன்று தொட்டதே தெரியவில்லை.

"இது எரநூறு தடவ வெளுத்ததுங்க. நைஞ்சுபோச்சு, தூக்கிப் போடுன்னு ஒதுக்கறது. நான் அதுல கிழிசல் இல்லாததாப் பாத்து எடுத்து வெச்சுக்குவனுங்க. நாலாவது மாடிக்கு. அங்க மாசக்கணக்காப் படுத்துட்டு இருப்பாங்க, முதுகெல்லாம் புண்ணாயிருக்கும். புதுத் துணி போட்டா அராவுமுங்க. புதுசையெல்லாம் ஓ.பி.க்கு அனுப்பிச்சிருவேன். அங்க அஞ்சு நிமிசம் படுக்கறவங்களுக்கு என்னாகப் போகுது?"

"மேல இருக்கறவங்களுக்கு எப்படித் தெரியும், எது எதுன்னு?"

"மூலையில அடையாளம் வெச்சிருவனுங்க. நீல நூல்ல நாலு தையல். நர்சுங்களுக்கு மட்டும் தெரியும்."

"யாரு சொல்லிச் செய்யறீங்க?"

"யாரும் சொல்லலீங்க. ஃபார்ம்லகூட அது இல்லீங்களே" என்றார்.

ஐந்தரைக்கு வீட்டுக்கு வந்தேன். இன்றைக்கு வேறொன்றும் எழுத வேண்டியதில்லை.

ஜூன் 25, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும்.

அவர் நாலாம் மாடியில் அறுபத்தொரு நாள் படுத்திருந்தார். அறை 412. இரண்டு வருடமும் மூன்று மாதமும் ஆகிறது. முதுகில் கை வைத்தாலே துடிப்பார். முதல் வாரம் விரிப்பு மாற்றும்போதெல்லாம் அழுவார். ஐம்பது வயது மனிதர், என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு ஒரு நாள் விரிப்பு மாற்றிய பின், "இது நல்லாருக்கு" என்றார். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்தேன். டாக்டருக்கு நன்றி சொன்னேன். கடைசி நாள்களில் பேச்சு நின்ற பிறகு, அவர் விரிப்பின் மூலையைப் பிடித்து எதையோ விரலால் நெருடிக்கொண்டே கிடந்தார்.

கடைசி நாளில், எல்லாரும் கையெழுத்துக் கையெழுத்து என்று வெளியே நின்றபோது, அந்த விரிப்பை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிச் சொத்து. திருட்டுத்தான். ஒவ்வொரு நாளும் அதைப் போர்த்திக்கொண்டு தூங்கிவிட்டு, அதைத் தைத்தவரை "கவனச் சிதறல்" என்று எழுதியிருக்கிறேன்.

ஜூன் 26, புதன்

ஒன்பது மணிக்கே பெஞ்சமின் சார் அறைக்குப் போனேன். குறுக்கெழுத்தில் இருந்தார். காத்திருக்காமல் பேசினேன். படிவத்தில் விளக்கம் அச்சிடாதது, இயந்திரம் ஓடும்போது சொன்னது, ரேங்க் போட்டவர்களும் மார்க் போட்டவர்களும் கலந்துபோனது, போன புதன்கிழமையே தெரிந்தும் ஒரு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பேனாவை மூடினார். "லிஸ்ட் டைரக்டர்கிட்ட போயிடுச்சே மேடம்."

"திருப்பி வாங்கணும் சார். அந்த நாலு பேர்ல மாராத்தாள் இல்லாம நாலாவது மாடி நடக்காது."

"லாண்டரிக்கும் நாலாவது மாடிக்கும் என்ன சம்பந்தம்?"

சொன்னேன். புறங்கை, இருநூறு சலவை, நீல நூல். 412 பற்றியும் சொன்னேன். அதைச் சொல்ல நினைக்கவில்லை, வந்துவிட்டது. விரிப்பு என் வீட்டில் இருக்கிறது என்றும் சொல்லிவிட்டேன். அவர் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார்.

"உங்க ப்ரொபேஷன் அஞ்சாம் தேதி முடியுது."

"தெரியும் சார்."

"தப்பு என்னுதுன்னு உங்க கைப்பட எழுதிக் குடுத்தாத்தான் நான் மேல பேச முடியும். அது உங்க ஃபைல்ல இருக்கும். சர்வீஸ் முழுக்க."

அவர் மேசையிலேயே உட்கார்ந்து எழுதினேன். மூன்று வரிதான் வந்தது. வேலை போனால் இனியாவின் விடுதிக் கட்டணத்துக்கு என்ன செய்வது என்று எழுதும்போதே பயமாக இருந்தது. கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 29, சனி

மூன்று நாளாகக் கீழேதான். ஒவ்வொருவரோடும் ஒரு மணி நேரம், அவர்கள் வேலையை நானும் செய்தேன். கைகால் வலி. எண்கள் கிடையாது. இவருக்கு என்ன தெரியும், எதற்குப் பயப்படுகிறார், எதைக் கற்க ஆசைப்படுகிறார் என்று மூன்று கேள்வி. ஒடியாக்காரர்களுக்கு லிங்கராஜ் எடுத்துச் சொன்னான், நேபாளிப் பெண்ணுக்கு அவள் கைகளே போதுமானவையாக இருந்தன.

முழுச் சிவப்பு நாலு பேரில் ஒருவருக்கு உண்மையாகவே இயந்திரம் எதுவும் தெரியவில்லை. சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகிறது. கற்றுக்கொள்ள ஆசை இருக்கிறது என்று எழுதினேன். லிங்கராஜ் கறையைப் பார்த்த மாத்திரத்தில் எந்த மருந்து எவ்வளவு என்று சொல்கிறான். ரத்தமா, அயோடினா என்று ஒருமுறைகூடத் தவறவில்லை. ரோலரிலிருந்து எடுத்துவிடும்படி எழுதினேன். படித்துக் காட்டியபோது, முதல் தடவையாக "ஓக்கே மேடம்" சொல்லாமல், கையை நெஞ்சில் வைத்தான்.

மாராத்தாளுக்கு என்ன கற்க ஆசை என்று கேட்டேன்.

"நாலாவது மாடிய ஒருக்காப் பாக்கணுமுங்க. பத்தொம்பது வருசமாத் துணி போகுது, நான் போனதில்லீங்க. நமக்கு மேல வேலை இல்லீங்களே."

ஜூலை 1, திங்கள்

பட்டியல் ரத்து. இருபத்திரண்டு பேரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். மாராத்தாளுக்குத் தன் பெயர் பட்டியலில் இருந்ததே தெரியாது. நானே சொன்னேன். அவர் இரண்டு விரிப்பு மடித்து அடுக்கினார்.

"ஒண்ணாவதா வந்தவளையா அனுப்பப் பாத்தீங்க?" என்றார். கோபமாகத்தான் கேட்டார். மன்னிப்புக் கேட்டேன். இன்னும் இரண்டு மடித்தார். "சரி, அந்த மூலையப் புடிங்க" என்றார்.

எனக்கும் கடிதம் வந்தது. தகுதிகாண் காலம் மூன்று மாதம் நீட்டிப்பு. காரணம்: "படிவம் தயாரிப்பதில் பயிற்சி தேவை." ஆஸ்பத்திரி முழுவதிலும் சந்தேகத்துக்கு இடமில்லாமல் பயிற்சித் தேவை கண்டறியப்பட்ட ஒரே ஊழியர் நான். விரிப்பைப் பற்றிக் கடிதத்தில் ஒன்றுமில்லை. கீழே பென்சிலால் மட்டும், "திருப்பி வெச்சுடுங்க" என்று இருந்தது.

ஜூலை 2, செவ்வாய்

துவைத்து, மடித்து, பையில் வைத்துக் கொண்டுபோனேன். மாராத்தாள் பார்க்காத நேரத்தில் அவர் மேசை அடுக்கின் நடுவில் செருகினேன். எட்டாவதாக அவர் கைக்கு வந்தது. புறங்கை அதன் மேல் நின்றது.

"இது நம்ம மிஷின்ல வெளுத்தது இல்லீங்களே" என்றார். மூலையைத் திருப்பி நூலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை.

"உங்க வீட்டுக்காரருங்களா?"

தலையாட்டினேன். இரண்டு வருடமாக எவர் முன்னாலும் அழாதவள், அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்று நன்றாக அழுதேன். யாருக்கும் கேட்கவில்லை. அவர் என் தோளைத் தட்டவில்லை, ஆறுதல் சொல்லவில்லை. விரிப்பைச் சலவைப் பக்கம் கொடுத்தார்.

"ஒருக்கா நம்ம தண்ணியில போட்டு எடுத்தர்றனுங்க. நாளைக்கு மேல போலாம்."

ஜூலை 3, புதன்

விரிப்பு வண்டியை மாராத்தாள் தள்ளினார், நான் கூட நடந்தேன். லிஃப்டுக்குள் போனதும் அவர் எண்களைப் பார்த்துத் தயங்கினார். நாலை நான் அழுத்தினேன். கதவு திறந்தது. அதே மங்கிய பச்சைச் சுவர், அதே டெட்டால் வாசனை. மாராத்தாள் கோவிலுக்குள் வருகிறவர் மாதிரி செருப்பைக் கழற்றப் போனார், நர்ஸ் வேண்டாம் என்று தடுத்தாள்.

412-ல் ஒரு அம்மாள் இருந்தார். ஒரு மாதமாக இருக்கிறாராம். நர்ஸ் அவரை ஒரு பக்கம் திருப்பிப் பிடிக்க, நானும் மாராத்தாளும் அந்த விரிப்பைப் போட்டோம். மாராத்தாள் முதலில் புறங்கையால் ஒருமுறை நீவினார். மூலையோடு மூலை இழுத்துச் சுருக்கம் எடுத்தோம். அம்மாளை மெதுவாகக் கிடத்தியபோது கண்ணை மூடிக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று மாராத்தாள் கேட்டார்.

"நல்லாருக்காம்" என்றாள் நர்ஸ்.

மாராத்தாள் அங்கேயே நின்றார். நீல நூல் இருக்கும் மூலையை எடுத்து, அந்த அம்மாளின் விரலுக்கு எட்டும்படி வைத்தேன்.